ஆஃப் என்றால் அரை

மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் நடையாய் நடந்து வாங்கி வந்த கேஸ் ஷீட் நகல் முப்பத்தெட்டுப் பக்கம். ஜான்சன் அதைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, கையெழுத்து புரியாத இடங்களில் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டிப் படித்துக்கொண்டிருந்தான். எதிரில் அவன் அம்மா எஸ்தர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் அவன் நிமிர்ந்தான்.

"மா, நீயா இதச் சொன்ன?"

"எதடா?"

"அப்பாவோட மாத்திரைய ஒரு மாசம் முன்னயே நிறுத்தியாச்சுன்னு."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளைத் தன் பக்கம் திருப்பினாள். ஆங்கிலத்தில், அவசரத்தில் சாய்ந்துபோன ஒரே ஒரு வரி. பார்க்கின்சன் மாத்திரை ஒரு மாதம் முன்பு நிறுத்தப்பட்டது, தகவல் சொன்னவர் மனைவி.

"நான் ஏன்டா அப்டி சொல்லப் போறேன்?"

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. டென்ஷன்ல சொல்லியிருப்ப. யாரா இருந்தாலும் வரும்."

மகன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவன் மெதுவாகச் சொன்னான். பஸ்ஸில் பையைத் தவறவிட்டு நிற்கிற கிழவியிடம் பேசுகிற குரல். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொள்வது எவ்வளவு கேவலம் என்று எஸ்தருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் பாஸ்டர் வீட்டம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மனுஷ புத்திதானே, தவறும். கர்த்தருக்குத் தெரியும்" என்றார். விஷயம் ஜான்சன் வாயிலிருந்து அவன் மனைவிக்கும், அங்கிருந்து சபைக்கும் போயிருந்தது. புருஷனைப் புதைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஊர் அவளை மன்னிக்கத் தொடங்கிவிட்டது.

தப்பு என்ற சொல்லை எஸ்தரிடம் சும்மா வீச முடியாது. காந்தி ரோட்டில் வேணுகோபால் அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மெய்ப்புப் பார்த்தவள். 'அன்புடன் அழைக்கும்' என்பது 'அன்புடன் அழிக்கும்' என்று ஆகி, ஆயிரத்து இருநூறு பத்திரிகை அச்சேற இருந்த காலையில் அந்த ஒற்றை எழுத்தைப் பிடித்தவள். சந்தேகம் வந்தால் ஊகித்துத் திருத்தக் கூடாது, ஓரத்தில் கேள்விக்குறி போட்டுப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தவரைக் கேட்க வேண்டும். முதல் நாள் வேலையில் சேர்ந்தபோது முதலாளி சொன்னது இது. பெண் வீட்டார் பெயரா, மாப்பிள்ளை வீட்டார் பெயரா, காலை ஆறா, மாலை ஆறா, அவள் கேட்காமல் விட்டதில்லை.

அன்றைக்கு மருத்துவமனையில் தான் சொன்ன வாக்கியமும் அவளுக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தது. அது விளங்க வேண்டுமானால் அவள் கணவர் யேசுதாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யேசுதாஸ் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பாதி சர்வீஸ் வாலாஜாபாத் வழி தென்னேரி வண்டியிலேயே போயிற்று. ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் இருக்கும்போது வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசத் தொடங்கின. டிக்கெட் கிழிக்கிற அதே அசைவு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் யாருக்கோ கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தன. "முப்பது வருச பழக்கம் எங்க போவும்" என்று டிரைவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கால் இழுக்க ஆரம்பித்த பிறகுதான் நரம்பு மருத்துவர் குமரகுருவிடம் போனார்கள். சென்னையிலிருந்து மாதம் இரண்டு சனிக்கிழமை ஊருக்கு வந்து பார்க்கிறவர் அவர்.

மூளையில் சுரக்க வேண்டிய ஒரு பொருள் குறைந்துவிட்டது, இந்த லெவோடோபா மாத்திரை அதை ஈடுகட்டும், நாலைந்து மணி நேரம் தாங்கும், பிறகு அடுத்தது போட வேண்டும் என்று டாக்டர் விளக்கினார்.

"டீசல் ஊத்துனா நாலு மணி நேரம் ஓடும்னு சொல்லுங்க சார்" என்றார் யேசுதாஸ்.

"அவ்வளவுதான். ஆனா நேரம் தவறக் கூடாது. கூட்டலாம், குறைக்கலாம், நான் சொல்றேன். திடீர்னு நிறுத்திட்டா உடம்பு கட்டையாயிடும், முழுங்க முடியாது. உயிருக்கே ஆபத்து."

அன்று முதல் வீட்டில் மாத்திரைக்கு நடை என்று பெயர். பஸ் ஒரு முறை போய் வருவது ஒரு நடை. "எஸ்தரு, ரெண்டு மணி நடை எடுத்தாச்சா?" என்பார். மாத்திரை விழுந்து அரை மணியில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார். மூன்றரை மணி நேரம் ஆனால் முகம் மரத்துப்போகும். வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். அப்போது நிலையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற குரலில் "ஓல்டான்" என்பார். அவள் ஆணியில் தொங்கிய அவருடைய பழைய விசிலை எடுத்து, வண்டி கிளம்ப ஊதுகிற மாதிரி இரண்டு முறை ஊதி, "ரைட்" என்பாள். கால் எழுந்துவிடும். டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சத்தம் கேட்டால் மூளைக்கு அடி எடுத்து வைக்க வழி கிடைக்கும், விடாதீர்கள் என்றார்.

ஐந்து வருடம் இப்படி ஓடியது. பிறகு மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் உடம்பு தானாக நெளிய ஆரம்பித்தது. அளவு ஒரே அடியாக ஏறுவதால் அப்படி என்று டாக்டர் மூன்று முழு மாத்திரையை ஐந்து வேளையாகப் பிரித்தார். காலை ஆறுக்கு ஒரு முழு மாத்திரை. பத்து, இரண்டு, ஆறு, இரவு பத்து ஆகிய வேளைகளுக்குப் பாதி பாதி.

படியிறங்கும்போது யேசுதாஸ் சொன்னார், "ஒரு ஃபுல்லு, நாலு ஆஃபு. புள்ள குட்டியோட ஏறிட்டாங்க எஸ்தரு."

கண்டக்டர் வீட்டில் ஆஃப் என்றால் அரை டிக்கெட். ஜான்சன் பன்னிரண்டு வயது வரை அப்பாவின் வண்டியில் ஆஃப். டீக்கடையில் ஆஃப் கிளாஸ், தட்டில் ஆஃப் பாயில். இந்த ஊரில் பாதிப் பேர் வாயில் அரைக்கு அதுதான் பெயர். எழுதும்போது மட்டும் எஸ்தர் அரை என்றுதான் எழுதுவாள். ஏழு நாளுக்கும் ஐந்தைந்து கட்டம் உள்ள மாத்திரைப் பெட்டியை வாங்கி, வரிசைக்கு வரிசை சிவப்பு மையில் முழு, அரை, அரை, அரை, அரை என்று எழுதி ஒட்டினாள்.

ஒரு மாதம் நன்றாக இருந்தது. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. சிறுநீரில் கிருமி. தெருமுனை டாக்டர் இரண்டு நாள் அட்மிட் ஆகி ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு இருவரும் ஆட்டோவில் அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போய் இறங்கினார்கள். சாய்தளத்தில் கால் ஒட்டிக்கொண்டது. அவள் பையிலிருந்து விசிலை எடுத்து ஊத, அவர் ஏறிவிட்டார். வாசல் காவலாளி வாய்விட்டுச் சிரித்தான். நடந்து உள்ளே போன மனிதர் அவர். இதை எஸ்தர் யாரிடம் சொன்னாலும் இரண்டு முறை சொன்னாள். நடந்து போனார்.

அவசரப் பிரிவில் சங்கீதா என்கிற நர்ஸ் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வந்து கேட்டாள்.

"சுகர் இருக்குதா?"

"இல்லமா."

"பிரஷர்?"

"இருக்குது. காலைல ஒண்ணு போடறாரு."

"பார்க்கின்சன் மாத்திரை எடுத்துக்கினு இருக்காரா?"

"முன்ன ஃபுல்லா எடுத்துக்கினு இருந்தாரு. போன மாசம் டாக்டரே ஆஃப் ஆக்கிட்டாருமா."

அவள் எழுதிக்கொண்டாள். "ஊசி மருந்து ஏதாவது ஒத்துக்காதா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

பிறகு பெட்டியைக் கேட்டாள். "வீட்டு மாத்திரை வார்டுல வச்சுக்கக் கூடாதும்மா. எங்ககிட்ட குடுத்துடுங்க. வேளாவேளைக்கு நாங்களே குடுத்துருவோம்."

எஸ்தர் கொடுத்துவிட்டாள். கொடுத்தபோது தோளிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு வருடத்தில் முதன்முறையாக நேரம் பார்க்கிற வேலை இன்னொருவர் கைக்குப் போயிருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு அதிகம் எரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை சின்னக் காகிதக் கிண்ணத்தில் மாத்திரை வந்தது. இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. அவருடையது மஞ்சள்.

"மஞ்ச மாத்திரை இல்லையேமா?"

"எல்லாம் சேத்துதான் இருக்குது ஆன்ட்டி. கம்பெனி மாறுச்சுன்னா கலரு மாறும்" என்றாள் வேறொரு நர்ஸ். கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று அவளும் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் அவர் விரல்கள் நின்றுவிட்டன. ஏழு வருடமாகத் தூக்கத்தில் தவிர நிற்காமல் டிக்கெட் கிழித்த விரல்கள். பார்க்க வந்த ஒருவர், "நடுக்கம் குறைஞ்சிருக்குதே" என்று சந்தோஷப்பட்டார். எஸ்தர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். பலகை மாதிரி இருந்தது. சனிக்கிழமை அவரால் புரள முடியவில்லை. உமிழ்நீர் வாயோரம் வழிந்தது, விழுங்க வரவில்லை.

அவள் நர்ஸ்கள் உட்காரும் இடத்துக்குப் போனாள். "பத்து மணிக்கு அரை மாத்திரை, ரெண்டு மணிக்கு அரை. குடுக்கறீங்களா இல்லையா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் வாயில் வந்தது அரை என்ற சொல். அங்கிருந்த இளம் டாக்டர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "காய்ச்சல் இருந்தா பார்க்கின்சன் கூடத்தான் செய்யும்மா. பயப்படாதீங்க" என்றார்.

"அப்ப என் டப்பாவக் குடுங்க. நானே குடுத்துக்கறேன்."

"அதெல்லாம் ரூல்ஸ் இல்லம்மா."

மத்தியானம் போனாள். சாயங்காலமும் போனாள். மூன்று முறையும் கேஸ் ஷீட்டில் பதிவாகியிருக்கிறது. 'உடனிருப்பவர் பதற்றமாக இருக்கிறார். ஆறுதல் கூறப்பட்டது.' முப்பத்தெட்டுப் பக்கத்தில் மூன்று இடத்தில் அதே வரி. ஒரே நாளில் ஆறுதல் மூன்று வேளை கொடுத்திருக்கிறார்கள், மாத்திரை ஒரு வேளைகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கஞ்சி ஊட்டச் சொன்னார்கள். இரண்டாவது கரண்டியில் புரையேறி முகம் நீலமாகிவிட்டது. அவள் பையிலிருந்து விசிலை எடுத்து, அவர் காதருகே மெதுவாக இரண்டு முறை ஊதினாள். "ரைட்டுங்க" என்றாள்.

"இன்னாம்மா இது, பஸ் ஸ்டாண்டா?" என்று வார்டு ஆயா அதட்டினாள்.

அவருடைய கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது. உள்ளே ஆள் இருந்தார்.

டாக்டர் குமரகுரு வெளியூரில் இருந்தார். வெள்ளியிலிருந்து அவள் போட்டுக்கொண்டிருந்த போனைத் திங்கள் காலை பதினொன்றரைக்கு எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் குரல் மாறியது.

"யாரும்மா நிறுத்தினது?"

"நிறுத்தலையே டாக்டர். குடுத்துக்கினு இருக்கோம்னு சொல்றாங்களே."

"போனை டியூட்டி டாக்டர்கிட்ட குடுங்க."

அடுத்த அரை மணியில் மூக்கில் குழாய் போட்டார்கள். மருந்தகத்திலிருந்து மஞ்சள் மாத்திரையை வரவழைத்துப் பொடித்துக் கரைத்து விட்டார்கள். கேஸ் ஷீட்டில் 'மீண்டும் தொடங்கப்பட்டது' என்று எழுதினார்கள். வியாழன் சாயங்காலத்திலிருந்து பத்தொன்பது நடை ரத்தாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை விரல் லேசாக அசைந்தது. ஆனால் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த வியாழன் காலை, பத்து மணி நடைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, யேசுதாஸ் போய்விட்டார்.

கடிகாரத்தையும் மோதிரத்தையும் மாத்திரைப் பெட்டியையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அவள் பிரித்தாள். வியாழன் மாலைக் கட்டத்திலிருந்து ஒன்றையும் யாரும் திறந்திருக்கவில்லை. அவள் பிளேடால் பாதியாக வெட்டி வைத்த மஞ்சள் துண்டுகள் அப்படியே இருந்தன. மேலே அவள் கையெழுத்து. அரை, அரை, அரை.

ஏன் விட்டுப்போயிற்று என்பது மட்டும் அவளுக்குப் புரியவில்லை. அந்த மூன்றாம் பக்க வரியைப் பார்த்த பிறகு புரிந்தது. அவள் அரை என்று சொன்ன ஆஃப், நர்ஸ் காதில் சுவிட்சை அணைக்கிற ஆஃப் ஆகியிருக்கிறது. மகனிடம் விளக்கினாள். அவன் தலையாட்டினான்.

"சரிம்மா. இருக்கலாம்" என்றான்.

அந்த 'இருக்கலாம்'தான் அவளை மறுபடி மருத்துவமனைக்கு அனுப்பியது. நஷ்ட ஈடு பற்றி ஜான்சனின் நண்பன் ஒரு வக்கீல் பெயரைச் சொன்னான். அவள் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த வரி மாற வேண்டும். அவள் சொல்லாததை அவள் சொன்னதாக ஒரு தாள் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. "வேணாம்மா, விடு" என்றவன், தனியாக அனுப்ப மனமில்லாமல், ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு கூட வந்தான்.

நிர்வாக மேலாளர் சிட்டிபாபு மரியாதையான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார், டீ சொன்னார். ஒரு கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார். எஸ்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். 'இரு தரப்பிலும் ஏற்பட்ட தகவல் தொடர்பு இடைவெளி காரணமாக நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.'

"அசௌகரியம்னா இன்னா சார்? ஏசி ஓடலையா?"

"அது ஒரு ஃபார்மட்மா."

"எனக்கு லெட்டர் வேணாம். மூணாம் பக்கத்துல நிறுத்தியாச்சுன்னு நான் சொன்னதா எழுதியிருக்கீங்க. நான் சொல்லல. அதத் திருத்திக் குடுங்க."

"ரெக்கார்டுல கை வைக்க முடியாதும்மா. லீகல் டாக்குமென்ட்டு."

"தப்பா எழுதுனா கூடவா?"

"தப்புன்னு எப்டிமா சொல்றீங்க? சிஸ்டர் கேட்டிருக்காங்க, நீங்க ஆஃப்னு சொல்லியிருக்கீங்க. சொன்னீங்கதானே?"

"சொன்னேன்."

"அப்புறம் இன்னாம்மா. ஆஃப்னா ஆஃப்தானே. அந்த அவசரத்துல வேற எப்டி எடுத்துப்பாங்க?" அவர் ஜான்சனைப் பார்த்து, ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை என்கிற மாதிரி, "சார், அம்மா மனசு கஷ்டத்துல இருக்காங்க. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார்.

ஜான்சன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எஸ்தர் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். "அந்தப் பொண்ணக் கூப்டுங்க. என் முன்னால சொல்லட்டும்."

சிட்டிபாபு உள்பேசியை எடுத்துப் பேசினார். வைத்துவிட்டு, "சங்கீதா சிஸ்டர் இன்னிக்கு ஆஃபாம்மா" என்றார்.

எஸ்தர் கேட்டாள், "அரை நாளா, முழு நாளா?"

"அரை நாள்தான். ரெண்டு மணிக்கு டியூட்டிக்கு வந்துடும்."

சிட்டிபாபுவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. உள்பேசியின் மேலிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார்" என்றாள் எஸ்தர். "ஆஃப்னா அரையும் உண்டு, இல்லன்னும் உண்டு. எனக்குத் தெரியல, கேட்டேன். நீங்க சொல்லிட்டீங்க. நாலே வார்த்தை. ஒரு நர்ஸோட லீவுக்கு நான் கேட்ட கேள்விய, அவரு மாத்திரைக்கு உங்க ஆஸ்பத்திரியில ஒருத்தரும் கேக்கல."

"அம்மா, அது வேற..."

"எது வேற? எழுதத் தெரியாத ஆளா இருந்தா போவட்டும். எழுதியும் வச்சிருக்கேன்." பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "உங்க டிராயர்ல ஏழு நாள் இருந்துச்சு. படிச்சுப் பாருங்க."

அவர் தொடவில்லை. ஜான்சன் எடுத்தான். அம்மாவின் சிவப்பு மை எழுத்தை விரலால் தடவினான். பன்னிரண்டு வயது வரை ஜன்னலோரம் உட்கார்ந்து போன ஆஃப் டிக்கெட் அவன். "சார், எங்க அம்மா நிறுத்துனாங்கன்னு சொல்லல" என்றான். அப்படிச் சொன்னபோது அவன் சிட்டிபாபுவைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தான்.

"ரெண்டு மணி வரைக்கும் வெளிய உக்காந்திருக்கோம்" என்று எஸ்தர் எழுந்தாள்.

வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு மணிக்கு அவள் கைப்பேசி மணி அடித்தது. ஐந்து வேளை மணியையும் அவள் இன்னும் எடுக்கவில்லை. அணைத்துவிட்டு நிமிர்ந்தபோது சங்கீதா தலையில் தொப்பியைச் செருகிக்கொண்டு படியேறி வந்தாள். அவளுக்கு எஸ்தரை அடையாளம் தெரிந்தது, நின்றுவிட்டாள்.

"அம்மா."

"நான் சொன்னத எழுதுனியா, நீ நெனச்சத எழுதுனியா?"

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "நிறுத்திட்டாங்கன்னுதான் நெனச்சேன். கேட்டிருக்கணும்மா. அன்னிக்கு முப்பத்திநாலு பேஷன்ட்டு, நாங்க ரெண்டு பேரு." குரலைத் தாழ்த்தினாள். "சனிக்கிழம டிராயர்ல உங்க டப்பாவப் பாத்தேன். அரைன்னு எழுதியிருந்துச்சு. உடனே டாக்டர்கிட்ட சொன்னேன். திங்கக்கிழம ரவுண்ட்ஸ்ல பாத்துக்கலாம்னுட்டாரு."

ஜான்சன் சட்டென்று எழுந்தான். எஸ்தர் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சனிக்கிழமையே தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சிக்கு முன்னால் தெரிந்திருக்கிறது. ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்பது மனிதருக்கு வரும், பாஸ்டர் வீட்டம்மா சொன்ன மாதிரி. தெரிந்த பிறகும் திங்கட்கிழமை வரை வைத்திருப்பதற்கு என்ன பெயர்? அந்தச் சனிக்கிழமைதான் தாளில், 'உடனிருப்பவர் பதற்றமாக இருக்கிறார்.'

"இத உள்ள வந்து சொல்லு" என்றாள்.

"வேலை போயிடும்மா."

"போனா போவட்டும்னு நான் சொல்ல மாட்டேன். நீ அரைன்னு படிச்சத மட்டும் சொல்லு. மிச்சத்த நான் கேட்டுக்கறேன்."

சங்கீதா வந்தாள். சிட்டிபாபு, "சிஸ்டர், நீங்க வார்டுக்குப் போங்க" என்று இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை சொல்லும்போதே அவள் சொல்லிவிட்டாள். டாக்டர் திங்கட்கிழமை என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். கையைப் பிசைந்துகொண்டே போய்விட்டாள்.

எஸ்தர் அந்தக் கடிதத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'இரு தரப்பிலும்' என்பதை அடித்து, ஓரத்தில் 'எங்கள் தரப்பில்' என்று எழுதினாள். 'தகவல் தொடர்பு இடைவெளி' என்பதை முழுக்க அடித்தாள். 'அசௌகரியம்' என்பதைச் சுழித்து, மேலே 'மரணம்' என்று எழுதினாள். கீழே இருந்த வெள்ளை இடத்தில், கேஸ் ஷீட்டின் மூன்றாம் பக்கத்தில் என்ன சேர்க்க வேண்டும் என்று எழுதினாள். அடிக்க முடியாத எழுத்தானால் அருகில் திருத்தம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடலாம். அச்சகத்தில் மட்டுமல்ல, கோர்ட்டிலும் அதுதான் வழக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

"இது ஃபர்ஸ்ட் புரூஃப் சார். நாளைக்கு ரெண்டாவது பாக்க வரேன்."

"அம்மா, மேனேஜ்மென்ட்ல கேக்கணும்."

"கேளுங்க. தப்பு இருந்தா மூணாவது பாப்பேன். எனக்கு இதான் வேல."

மறுநாள் வந்த கடிதத்தில் 'இரு தரப்பிலும்' போயிருந்தது, 'அசௌகரியம்' இருந்தது. அவள் மறுபடி சுழித்தாள். மூன்றாம் நாள் அது 'துயர நிகழ்வு' ஆகியிருந்தது. "யாருக்குத் துயரம், எதனால நிகழ்வு?" என்று ஓரத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டுக் கொடுத்தாள். ஜான்சன் ஒவ்வொரு நாளும் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்து வாசலில் பைக்கோடு நின்றான். 'வரும்' என்றோ 'இருக்கலாம்' என்றோ அவன் வாயில் அதன்பின் அவள் கேட்கவில்லை. பாஸ்டர் வீட்டம்மாவிடம் அவனே போய்ப் பேசினானாம். என்ன பேசினான் என்று அவள் கேட்கவில்லை.

ஐந்தாவது நாள் மூன்றாம் பக்கத்தின் புதிய நகலைக் கொடுத்தார்கள். பழைய வரி இருந்தது. அதன் கீழே வேறு மையில், தேதியோடு, 'திருத்தம்: மாத்திரை அரையாகக் குறைக்கப்பட்டது என்றே மனைவி தெரிவித்தார். நிறுத்தப்பட்டதாகப் பதிவு செய்தது மருத்துவமனையின் பிழை. மனைவி கொடுத்த பெட்டியிலும் அரை என்று எழுதப்பட்டிருந்தது. இது சனிக்கிழமை டியூட்டி டாக்டரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது.' கீழே கையெழுத்து, முத்திரை.

அவள் வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று முறை படித்தாள். ஒற்று, புள்ளி, தேதி எல்லாம் பார்த்தாள். பிழை இல்லை. பிழை இல்லாத மெய்ப்பின் அடியில் 'அச்சிடலாம்' என்று எழுதிச் சுருக்கொப்பம் போடுவது முப்பத்தோரு வருடப் பழக்கம். கை தானாகப் பேனாவைத் திறந்து தாளின் அடிக்குப் போயிற்று.

எழுதவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.